இளம் விண்மீன் தூசியில் கனிமம் தேட: காசிஸ், யேனா தரவுத்தளம், ஆப்டூல் – ஒரு பயன்பாட்டு மதிப்புரை

இளம் விண்மீனைச் சுற்றிச் சுழலும் தூசித் தட்டில் எந்தக் கனிமம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இன்று பணம் எதுவும் செலவழிக்க வேண்டாம். விண்மீனின் நிறமாலை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு, காசிஸ் என்ற கிடங்கில் கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஆய்வக அளவீடுகள் யேனா பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்தில் கிடைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கணக்கை ஆப்டூல் என்ற நிரல் போட்டுத் தருகிறது. மூன்றும் இலவசம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காசிஸ் நம்பி எடுக்கத்தக்கது. ஆப்டூல் வேகமானது, நேர்த்தியானது. ஆனால் முன்னமைவுகளை (நிரலோடு வரும் இயல்பு மதிப்புகளை) மாற்றாமல் ஓட்டினால் கனிமம் தேடும் வேலைக்கு அது உதவாது. யேனா தரவுத்தளம் பார்க்கப் பழைய பாணியில்தான் இருக்கிறது, தேடுவதும் சிரமம். இருந்தும் மூன்றில் எதை இழந்தால் வேலையே நின்றுபோகும் என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வேண்டும்.

காசிஸ்

2003 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்பு நிறமாலைமானி, 2009 மே மாதம் குளிர்விக்கும் ஹீலியம் தீரும்வரை எடுத்த நிறமாலைகளை ஒரே முறையில் பிரித்தெடுத்து அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு இது. தாழ்பிரிதிறன் தொகுப்பில் மட்டும் 13,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். விண்மீனின் பெயரையோ ஆயத்தொலைவையோ கொடுத்தால் அலைநீளம், பாய்வு (வந்துசேரும் ஒளியின் அளவு), பிழை என்று நெடுவரிசைகள் கொண்ட எளிய அட்டவணை இறங்கும். மூலப் படிமங்களிலிருந்து நிறமாலையைப் பிரிக்கும் தலைவலி பயனருக்கு இல்லை.

பிரித்தெடுக்கும் முறை இரண்டு உண்டு. புள்ளிபோலத் தெரியும் பொருளுக்கு உகப்புப் பிரித்தெடுப்பை எடுங்கள், இரைச்சல் குறைவு. சுற்றிலும் ஒளிமுகில் படர்ந்திருந்தால் அகலும் பத்தி முறைக்கு மாறுங்கள். தட்டுகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் முதல் முறையே போதும்.

கவனம் வேண்டிய இடம் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). குறுகிய அலைநீளப் பகுதிக்கு ஒளி நுழையும் பிளவு சுமார் 3.7 விகலை (ஒரு விகலை பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அகலம். நீண்ட பகுதிக்கானது சுமார் 10.6 விகலை. அகன்ற பிளவு அக்கம்பக்கத்து ஒளியையும் சேர்த்து விழுங்குவதால், இரண்டும் சேரும் இடத்தில் பாய்வு ஒரு படி ஏறித் தெரியலாம். அதை ஒரு பெருக்கற்காரணியால் சமன் செய்யலாம். ஆனால் படி பெரிதாக இருந்தால் பின்னணி ஒளிதான் காரணமா என்று பார்க்காமல் பெருக்கக் கூடாது. இதே இடத்தில் கருவியின் சிதறல் ஒளியால் 13.5 முதல் 15 மைக்ரான் வரை ஒரு பொய்ப் புடைப்பும் சில நிறமாலைகளில் உண்டு. அங்கே தெரியும் மெல்லிய மேட்டுக்குக் கனிமப் பெயர் சூட்டுவதைத் தவிர்க்கலாம். 35 மைக்ரானுக்கு அப்பால் இரைச்சல் கடுமையாக ஏறும், மெக்னீசிய சிலிக்கேட் படிகமான ஃபார்ஸ்டரைட்டின் 33.6 மைக்ரான் முகடு அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் வலப்பக்கச் சரிவை அப்படியே நம்ப முடியாது.

யேனா தரவுத்தளம்

ஒரு கனிமம் அகச்சிவப்பை எப்படி உட்கவர்ந்து உமிழும் என்பதை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன: ஒளிவிலகல் எண், உட்கவர் எண். துறைக்காரர் பேச்சில் என்–கே அட்டவணை. யேனாவில் உள்ள ஃப்ரீட்ரிஷ் ஷில்லர் பல்கலைக்கழகத்தின் வானியற்பியல் குழு பல பத்தாண்டுகளாக ஆய்வகத்தில் கண்ணாடிகளை உருக்கி, படிகங்களை வெட்டி, பளபளப்பாக்கி, அளந்து சேர்த்த அட்டவணைகள் இங்கே கிடைக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் பின்னாலும் ஒரு மாதிரித் துண்டும் அதை அளந்த ஒரு கையும் இருக்கின்றன. இந்த அளவுக்கு அக்கறையோடு சேர்த்த வேறொரு தொகுப்பு இந்தத் துறையில் அரிது.

படிகமற்ற சிலிக்கேட்டுக்கு இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று 1995-இல் டோர்ஷ்னர் குழு வெளியிட்ட உருக்கிக் குளிர்வித்த கண்ணாடிகள்: பைராக்சீன், ஆலிவின் என்ற இரண்டு சிலிக்கேட் கனிம வகைகளில், பைராக்சீனில் மெக்னீசியப் பங்கு 0.4-இலிருந்து 1.0 வரை பல படிகள், ஆலிவினில் இரண்டு. அலைநீள வீச்சு 0.2 முதல் 500 மைக்ரான் வரை என்பது பெரிய வசதி. மற்றொன்று 2003-இல் யேகர் குழு கூழ்ம முறையில் தயாரித்த, இரும்பே இல்லாத மெக்னீசிய சிலிக்கேட்டுகள். இரண்டில் எதை எடுக்கிறோம் என்பது விடையையே மாற்றும். 10 மைக்ரான் புடைப்பின் வடிவம் இரண்டிலும் சற்று வேறு; அந்த வேறுபாட்டை ஈடுகட்ட, கணக்கிட்ட வளைவுகளை நிறமாலையோடு பொருத்தும் நிரல் படிகங்களைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆகவே ஒரே நிறமாலையை இரண்டு குடும்பங்களாலும் பொருத்திப் பார்த்து, இரண்டிலும் நிலைத்து நிற்கும் கனிமத்தை மட்டும் பெயர் சொல்லி அறிவியுங்கள்.

படிகங்களில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ஃபார்ஸ்டரைட் படிகத்துக்கு மூன்று அச்சுகள். ஒவ்வோர் அச்சிலும் என்–கே வேறு. ஆகவே தரவுத்தளத்தில் ஒரே கனிமத்துக்கு மூன்று கோப்புகள் இருக்கும். மூன்றின் என்–கே எண்களையும் சராசரி எடுத்து ஒரே கோப்பாக்குவது தவறு. கூர்மையான முகடுகள் அதில் மழுங்கி, இயற்கையில் இல்லாத ஒரு பொருள் பிறக்கும். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியே உட்கவர் குணகம் கணக்கிட்டு, கடைசியில் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பதே முறை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோப்புகள் ஒரே அலகில் இல்லை. சிலவற்றில் முதல் நெடுவரிசை மைக்ரானில் அலைநீளம். சிலவற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை என்ற அலை எண். பின்னதாக இருந்தால் 10,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மைக்ரான் கிடைக்கும். வகுத்தபின் வரிசை தலைகீழாகிவிடும் என்பதால் மறுபடி ஏறுவரிசையில் அடுக்க வேண்டும். சில கோப்புகள் நடு அகச்சிவப்பை மட்டுமே தொடுகின்றன. அடர்த்தி பல கோப்புகளில் இல்லை. ஃபார்ஸ்டரைட்டுக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.27 கிராம், குவார்ட்ஸுக்கு 2.65 என்று நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதைக் கோப்போடு வரும் குறிப்பையோ மூலக் கட்டுரையையோ படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இதைத் தவிர்க்க முடியாது. படிகம் குளிரும்போது முகடுகள் கூர்மையாகி, குறுகிய அலைநீளப் பக்கம் நகரும். ஆலிவினில் இரும்பு ஏறினால் அவை நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். குளிர்ந்த தூசிக்கு அறை வெப்பநிலை அட்டவணையைப் பயன்படுத்தியவர், கனிமத்தின் இரும்புப் பங்கைத் தவறாகவே சொல்வார்.

பொட்டாசியம் புரோமைடு வில்லையில் துகளைப் பதித்து அளந்த நிறமாலைகளும் வேறு இடங்களில் புழக்கத்தில் உள்ளன. அந்த வில்லையின் ஒளிவிலகல் எண் 1.5-க்குச் சற்று மேல் என்பதால், வெற்றிடத்தில் மிதக்கும் துகளோடு ஒப்பிட்டால் முகடுகள் நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்திருக்கும். அவற்றை நேரடியாக விண்மீன் நிறமாலைமேல் வைத்து ஒப்பிட வேண்டாம். யேனாவின் என்–கே அட்டவணையிலிருந்து கணக்கிடும் வழியே பாதுகாப்பானது.

ஆப்டூல்

டொமினிக், மின், தசாக்கி மூவரும் 2021-இல் வெளியிட்ட நிரல். ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது, ஃபோர்ட்ரான் தொகுப்பான் இருந்தால் make என்ற கட்டளையால் தொகுத்துவிடலாம். பல பொருள்களின் என்–கே அட்டவணைகள் நிரலுக்குள்ளேயே இருக்கின்றன, வெளிக்கோப்பையும் ஏற்கும். வெளிக்கோப்பின் தலைவரியில் அலைநீளப் புள்ளிகளின் எண்ணிக்கையும் அடர்த்தியும் இருக்க வேண்டும். அதன் கீழ் மைக்ரானில் அலைநீளம், என், கே. வெளியீடு: ஒவ்வோர் அலைநீளத்துக்கும் ஒரு கிராமுக்கு இத்தனை சதுர சென்டிமீட்டர் என்ற கணக்கில் உட்கவர் குணகம், சிதறல் குணகம், சிதறல் சமச்சீரின்மை. பைத்தானிலிருந்தும் அழைக்கலாம்.

இதன் முன்னமைவுகள் தட்டின் ஆற்றல் சமநிலைக் கணக்குக்காக அமைக்கப்பட்டவை. கனிமம் தேடுபவர் கீழ்க்கண்ட நான்கையும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

முதலாவது அலைநீள வலை. முன்னமைவில் 0.05 முதல் 10,000 மைக்ரான் வரை 300 புள்ளிகள். மடக்கை இடைவெளியில் பரப்பினால் 11.2 மைக்ரான் அருகே அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே ஏறக்குறைய 0.46 மைக்ரான் வரும். ஃபார்ஸ்டரைட்டின் முகடு அந்த இடைவெளிக்குள்ளேயே தொலைந்துபோகும். ஸ்பிட்சரின் தாழ்பிரிதிறனே அங்கே 0.12 மைக்ரானைப் பிரித்துக் காட்டும். 5 முதல் 40 மைக்ரான் வரை 1,500 புள்ளிகள் என்று கொடுங்கள், இடைவெளி 0.016 மைக்ரானாகச் சுருங்கும், கணக்கும் சில விநாடிகளில் முடியும்.

இரண்டாவது துகள் அளவு. முன்னமைவு 0.05 மைக்ரானிலிருந்து 3 மில்லிமீட்டர் வரை. பெரிய துகள் நடு அகச்சிவப்பில் முகடே காட்டாது. அதன் நிறை அத்தனையும் சேர்ந்து சிறு துகளின் முகட்டைத் தட்டையாக்கிவிடும். ஒவ்வொரு கனிமத்துக்கும் 0.1 மைக்ரானுக்கு ஒன்று, 1.5 மைக்ரானுக்கு ஒன்று என்று தனித்தனி வளைவுகள் செய்துகொள்ளுங்கள். வான் பூக்கெல் குழு 2005-இல் ஹெர்பிக் விண்மீன்களுக்கு (சூரியனைவிட நிறை மிகுந்த இளம் விண்மீன்களுக்கு) பயன்படுத்திய அளவுகள் இவையே. தேவைப்பட்டால் 5 அல்லது 6 மைக்ரான் அளவில் மூன்றாவதைச் சேர்க்கலாம்.

மூன்றாவது கலவை. ஒரே கட்டளையில் பல பொருள்களைக் கொடுத்தால், ஆப்டூல் அவற்றை ஒரே துகளுக்குள் கலந்து ஒரு பொதுப் பொருளாக்கிவிடும். கரியோடு கலந்த ஃபார்ஸ்டரைட்டின் முகடு தூய ஃபார்ஸ்டரைட்டின் முகட்டைப்போல இராது. இடமும் வடிவமும் மாறும். கனிமங்களைத் தனித்தனித் துகள்களாக எண்ணிப் பொருத்தும் வேலைக்கு ஒரு கட்டளைக்கு ஒரு பொருள் என்று ஓட்டி, வளைவுகளைப் பின்னால் கூட்டுவதே சரி.

நான்காவது துகளின் வடிவம். இதில் தவறினால் கனிமத்தின் பெயரே மாறிவிடும். துகளை முழுக் கோளமாக வைத்து மீ (Mie) முறையில் கணக்கிட்டால் ஃபார்ஸ்டரைட்டின் முகடு மிகவும் குறுகி, குறுகிய அலைநீளப் பக்கம் நகர்ந்து, விண்மீன் நிறமாலையோடு பொருந்தாமல் நிற்கும். உண்மைத் துகள் ஒழுங்கற்றது. ஆப்டூலின் இயல்பு முறையான உட்குடைவுக் கோளப் பரவல் (உள்ளே வெற்றிடம் கொண்ட கோளங்களின் தொகுப்பு) அந்த ஒழுங்கின்மையைப் புள்ளியியல் வழியில் பாவிக்கிறது. குடைவின் உச்ச வரம்பு முன்னமைவில் 0.8. அதையும், 1-ஐ ஒட்டிய மதிப்பையும், தொடர் நீள்வட்டக முறையையும் (துகளைப் பல வடிவ நீள்வட்டகங்களாகக் கருதுவது) ஓட்டி, மூன்று வளைவுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 11 மைக்ரான் முகடு வடிவத்தை மட்டும் பொறுத்து எவ்வளவு இடம் மாறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். அதற்குக் குறைவான நகர்வை வைத்து இரும்புப் பங்கைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. நீள்வட்டக முறை அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளுக்கு மட்டுமே செல்லும், 1.5 மைக்ரான் துகளுக்கு அதைப் போட வேண்டாம்.

இன்னொன்று. அட்டவணை முடியும் இடத்துக்கு அப்பாலும் ஆப்டூல் எண்களை நீட்டித் தரும். வளைவு வழுவழுப்பாக இருப்பதால் அது அளவீடு என்று தோன்றும். கோப்பின் உண்மையான எல்லைகளைக் குறித்து வைத்து, வெளியே உள்ளதை வெட்டிவிடுவது நல்லது.

மூன்றையும் சேர்த்து ஓட்டும்போது

ஐந்து பொருள்களோடு தொடங்கலாம்: படிகமற்ற ஆலிவின், படிகமற்ற பைராக்சீன், ஃபார்ஸ்டரைட், என்ஸ்டடைட் (பைராக்சீன் வகைப் படிகம்), சிலிக்கா. ஒவ்வோர் உட்கவர் வளைவையும் பிளாங்க் சார்பால் (ஒரு வெப்பநிலையில் உமிழப்படும் ஒளியைத் தரும் சார்பு) பெருக்கி, குறைமதிப்பு வராத மீச்சிறு வர்க்க முறையில் கூட்டுத்தொகையை நிறமாலையோடு பொருத்த வேண்டும். தொடர்நிறமாலையை (முகடுகளுக்கு அடியில் உள்ள வழுவழுப்பான ஒளியை) முன்கூட்டியே ஒரு பல்லுறுப்புக் கோவையால் கழித்துவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. அது அகலமான 18 மைக்ரான் சிலிக்கேட் புடைப்பையும் சேர்த்தே கழித்துவிடும். தொடர்நிறமாலையையும் பொருத்துதலின் ஓர் உறுப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

5 முதல் 38 மைக்ரான் வரை முழுவதையும் ஒரே வெப்பநிலையில் பொருத்த முயன்றால் வராது. 10 மைக்ரான் ஒளி தட்டின் உட்பகுதியிலிருந்து வருகிறது, 33 மைக்ரான் ஒளி வெளியே உள்ள குளிர்ந்த பகுதியிலிருந்து. 17 மைக்ரானை ஒட்டி இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே பொருத்துவது எளிய வழி. வெப்பநிலைப் பரவலோடு பொருத்துவது முறையான வழி. வாயுக் கோடுகளையும் தூசியையும் ஒருசேர, நிகழ்தகவை அடிப்படையாகக் கொண்ட பேய்ஸ் முறையில் பொருத்தும் டக்லிங் என்ற நிரலும் 2024 முதல் உண்டு. ஆனால் அதற்குள் நுழையும் முன் மேற்சொன்ன எளிய வழியில் ஒருமுறை முழுவதும் ஓட்டிவிட்டால், எந்த முகடு எந்தக் கனிமத்தை இழுக்கிறது என்பது புரியும்.

பெயர் சூட்டுவதற்கான அளவுகோல் கறாராக இருக்கட்டும். ஃபார்ஸ்டரைட் என்றால் 11.2-ஐத் தவிர 16.3, 19.7, 23.7, 27.6, 33.6 மைக்ரான்களில் குறைந்தது இரண்டேனும் தெரிய வேண்டும். 11.2-ஐ மட்டும் நம்பக் கூடாததற்குக் காரணம், பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் 11.3 மைக்ரானில் உமிழ்கின்றன. 6.2, 7.7, 8.6 மைக்ரான்களிலும் மேடு இருந்தால் அவை இருக்கின்றன என்று பொருள். அப்போது அவற்றின் வளைவையும் பொருத்துதலில் சேர்க்காமல் ஃபார்ஸ்டரைட்டின் அளவைச் சொல்ல முடியாது. என்ஸ்டடைட்டின் 9.3-உம் சிலிக்காவின் 9.1-உம் தாழ்பிரிதிறனில் ஒன்றோடொன்று கலந்துவிடும். 12.6 மைக்ரானில் மேடு இருந்தால் சிலிக்கா; 11.6-இல் தோள் இருந்தால் என்ஸ்டடைட். 10 மைக்ரான் புடைப்பு 9.8-ஐ ஒட்டி முக்கோணமாக இருந்தால் துகள் சிறிது; உச்சி தட்டையாகி வலப்பக்கம் அகன்றிருந்தால் துகள் வளர்ந்திருக்கிறது. அந்த அகற்சியைப் படிகம் என்று எண்ணிவிடுவது மிகப் பொதுவான பிழை. கனிமங்களை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி பொருத்திப் பாருங்கள். நீக்கியும் எச்சம் (அளவீட்டுக்கும் பொருத்திய வளைவுக்கும் உள்ள வேறுபாடு) மாறவில்லை என்றால் அந்தக் கனிமத்துக்கு நிறமாலையில் சான்று இல்லை.

கிடைக்கும் சதவீதம் தட்டின் மேற்பரப்பில் சூடாக இருக்கும் சிறு துகள்களுக்கு மட்டும் உரியது என்பதையும் முடிவோடு எழுத வேண்டும். நடுத்தளத்தில் உள்ள பெருந்துகள்களும் இரும்பும் கரியும் இந்தக் கணக்கில் தலைகாட்டவே மாட்டா.

ஜேம்ஸ் வெப் வந்தபின் ஸ்பிட்சர் எதற்கு?

வெப் தொலைநோக்கியின் மிரி கருவி 4.9 முதல் 27.9 மைக்ரான் வரை, சில ஆயிரம் பிரிதிறனில் எடுக்கிறது. 12.81 மைக்ரானில் நியான் அயனி, 13.7-இல் அசிட்டிலீன், 14-இல் ஹைட்ரஜன் சயனைடு, 15-இல் கார்பன் டை ஆக்சைடு, எங்கும் நீராவிக் கோடுகள் என்று வாயுவைத் தனியே பிரித்துக் காட்டுவதால் கனிம முகடு தெளிவாக நிற்கிறது. ஓரியன் பகுதியில் உள்ள ஹாப்ஸ் 315 என்ற குழவி விண்மீனைச் சுற்றி சிலிக்கான் மோனாக்சைடு வாயுவும் படிக சிலிக்கேட்டும் சேர்ந்து இருப்பதை 2025-இல் அறிவிக்க முடிந்தது இந்தத் திறனால்தான்.

ஆனால் 33.6 மைக்ரான் முகடு மிரிக்கு எட்டாது. குளிர்ந்த படிகத்துக்கு ஸ்பிட்சர் கோப்பே சாட்சி. மேலும் மிரியின் நிறமாலை 12 பட்டைகளைத் தைத்து உருவாவது. ஒரு தையல் 10.0–10.1 மைக்ரானில், சிலிக்கேட் புடைப்பின் உச்சியிலேயே விழுகிறது, இன்னொன்று 11.55–11.70-இல், என்ஸ்டடைட்டின் தோள்மேல். அங்கே தெரியும் சிறு படி கனிமமா தையலா என்று தைக்கும் முன்பே இரு பட்டைகளையும் தனித்தனியே வரைந்து பாருங்கள். உணர்கருவிக்குள் ஒளி முன்னும் பின்னும் எதிரொளிப்பதால் வரும் அலைவரிகளும் உண்டு. எச்ச அலைவரித் திருத்தம் நடந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

பழகுவதற்கு இ.எக்ஸ். லூப்பி விண்மீனை எடுத்துக்கொள்ளலாம். அது 2008-இல் பெரிதாக வெடித்துப் பிரகாசித்தபோது ஸ்பிட்சர் எடுத்த நிறமாலையில், 2005-இல் அமைதியாக இருந்தபோது தெரியாத ஃபார்ஸ்டரைட் முகடுகள் தெரிந்தன. வெப்பத்தால் தூசி அங்கேயே படிகமானதை ஆப்ரகாம் குழு 2009-இல் அறிவித்தது. இரண்டு தேதிகளின் கோப்புகளையும் ஒரே அட்டவணைத் தொகுப்பால், ஒரே துகள் அளவுகளால் பொருத்துங்கள். 2005 கோப்பிலும் கணிசமான ஃபார்ஸ்டரைட் வந்தால் உங்கள் படிகமற்ற சிலிக்கேட் தேர்விலோ துகள் அளவிலோ கோளாறு இருக்கிறது. 2008 கோப்பில் 11.2 பொருந்தி 16.3 பொருந்தாமல் நின்றால், முதலில் வெப்பநிலையையும், பிறகு 14 மைக்ரானில் போட்ட பெருக்கற்காரணியையும் சரிபாருங்கள்.